லண்டனுக்குக் கெட்டிமேளம்

யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாம் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கிளாரினெட் வாசித்தேன். பேண்ட் மாஸ்டர் ஒரு கேப்டன், லண்டன்காரர். தன் ஊரைப் பற்றி அவரே ஓர் உருப்படி எழுதியிருந்தார். காலையில் சந்தை, மதியம் ஆற்றில் கப்பல், கடைசியில் பனி மூடிய ராத்திரி, எல்லாம் வாத்தியத்திலேயே வரும். நல்ல உருப்படிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

டிரம் அடித்தவனுக்கு மாற்றலாகிவிட்டது. கரையான்சாவடியிலிருந்து என்னோடு கல்யாணங்களுக்கு வரும் தவில்காரன் முனுசாமியை நான்தான் அழைத்துப்போனேன். ஆடி மாதம், முகூர்த்தமே கிடையாது. அவன் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. “கச்சேரி சரியாக நடந்தால் அவனுக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் இரண்டு பேருமே கிளம்பலாம்” என்றார் கேப்டன்.

ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லை. சத்தம் கூடினால் கேப்டன் வாயாலேயே “மெதுவாக” என்பார். கச்சேரியில் வாய் திறக்க முடியுமா? பனி ராத்திரி வந்தது. முனுசாமி கொஞ்சம் ஓங்கிவிட்டான். கேப்டன் அவனைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

மேளக்காரன் கண்ணெதிரே விரலை ஆட்டினால் தாலி கட்டப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம். முனுசாமி கெட்டிமேளமாக டிரம்மைப் பிளந்துவிட்டான். அதைக் கேட்டதும் என் கிளாரினெட்டும் தானாக உச்சத்துக்குப் போனது. பழகின கை சும்மா இருக்குமா? பனியாவது, ராத்திரியாவது. முன்வரிசையில் கர்னல் நாற்காலியோடு மல்லாந்தார்.

கச்சேரி முடிந்ததும் கேப்டன் எங்களைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது.

“அவருதானே அண்ணாத்தே வெரல ஆட்டுனாரு, நா இன்னா பண்ணுவேன்?” என்று முனுசாமி அழாக்குறையாகக் கேட்டான்.

நான் கேப்டன் பக்கம் திரும்பினேன். தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். “தாலி கட்டும்போது அழுகை, தும்மல், கெட்ட வார்த்தை எதுவும் காதில் விழக்கூடாது சார். அதை அமுக்கத்தான் இந்தச் சத்தம்.”

கேப்டன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, “என் ஊரில் இப்போது ராத்திரியானால் குண்டு விழுகிறது. அம்மா அங்கேதான் இருக்கிறாள்” என்றார். வேறொன்றும் கேட்காமல் எங்களை அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் கேப்டன் சொன்னதை முனுசாமிக்குத் தமிழில் சொன்னேன்.

வேலை போகவில்லை. வாத்தியக்காரத் தம்பிகளே, புது மாஸ்டரிடம் சேர்ந்தால் அவர் கைஜாடையை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த கச்சேரியில் பனி ராத்திரி வந்தது. கேப்டன் முனுசாமியைப் பார்த்து, வேண்டுமென்றே, விரலை ஆட்டினார்.

“ஊது அண்ணாத்தே, அந்தம்மா காதுல குண்டு சத்தம் உழக்கூடாது” என்றான் முனுசாமி.