பாயிண்ட்டைக் கழற்றிய சனிக்கிழமை

முதலில் ஒரு மன்னிப்பு. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கிற ஒருவரைப் போன வருஷம் இரண்டே மாதத்தில் மூன்று முறை கடையேறித் திட்டியிருக்கிறேன். டூப்ளிகேட் சாமான் விற்கிறீர்கள் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதை அவர் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியவந்த கதைதான் இது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், நடுக்கம் பாதிக்குமேல் அடங்கியிருக்கிறது. ஆரம்பத்திலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள், நல்லதாயிற்று என்று நரம்பு டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாராட்டு சேரவேண்டிய ஆள் நான் இல்லை.

கார் என் மாமனார் வாங்கியது. வயது ஐம்பதுக்கு மேல். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கும். ஓட்டுவது நான், பழுது பார்ப்பது அவர். கல்யாணமான புதிதிலேயே அப்படி முடிவாகிவிட்டது. அவருக்குப் பொறுமை அதிகம். பெங்களூர் ரோட்டில் பொறுமைசாலி வீடு போய்ச் சேர முடியாது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பானெட்டை எடுத்துக்கொண்டார்.

இந்தக் காலத்துக் கார்களில் இல்லாத ஒரு சங்கடம் அந்தக் காரில் உண்டு. எஞ்சினுக்கு நெருப்புப்பொறியைப் பங்கு பிரித்துக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருக்கும். அதற்குள்ளே பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோக முனைகள், ஓயாமல் தொட்டு விலகிக்கொண்டே இருக்கும். தொட்டுத் தொட்டுக் கருகும். அவ்வப்போது அரத்தால் தேய்த்து, இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளி வைத்து, திருகை இறுக்க வேண்டும். ஒரு அட்டையின் தடிமன்தான் அந்த இடைவெளி. அதற்காக எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் இவர் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தடிமன் பார்ப்பார். தேறினால் ஒரு ஓரத்தை வெட்டி டூல் பெட்டியில் போட்டுக்கொள்வார். நம் பிள்ளையின் பத்திரிகையையாவது முழுசாக விட்டுவையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

போன வருஷம் வண்டி நிற்க ஆரம்பித்தது. சர்ச்சுக்குப் போகும்போது நின்றது. மார்க்கெட் வாசலில் நின்றது. லிங்கராஜபுரம் ஃப்ளைஓவரின் உச்சியில் நின்றபோது பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவர் இறங்கி, மூடியைத் திறந்து, ஏதோ செய்வார், கிளம்பும், நாலு நாளில் மறுபடி நிற்கும். வாங்கி வந்த பாயிண்ட் மட்டம் என்று முடிவு கட்டி நான் கடைக்காரர்மேல் பாய்ந்தேன். மூன்றாவது முறை அந்த மனுஷர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பொறுமையாகச் சொன்னார்: பாயிண்ட்டே வேண்டாம் மேடம், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள், தேய்ப்பதற்கும் கருகுவதற்கும் அதில் ஒன்றுமே இல்லை, நம்ம பாய் ஒருத்தர் இருக்கிறார், வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுப்பார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டைக்குத் தயார் செய்துகொண்டே வந்தேன். பானெட்டை வேறொருவர் தொட்டால் முகம் சுருங்குகிற ஆள் இதற்கு எங்கே ஒப்புக்கொள்ளப் போகிறார்? ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள், போட்டுடலாம் என்றார். அவ்வளவுதான். எனக்கு ஜெயித்த சந்தோஷம். அந்த நிமிஷமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானெல்லாம் ஒரு பெண்டாட்டி!

மெக்கானிக் பாய் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பழைய பாயிண்ட்டை வெளியே எடுத்தார். அந்த இடத்தில் பிஸ்கட் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை, நடுத்தண்டில் ஒரு காந்த வளையம், பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலுக்கு இரண்டு ஒயர். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாயோ எடுத்துப்போட்ட பாயிண்ட்டையே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே ஒரு டார்ச் இருந்தால் எடுத்து வரமுடியுமா என்று இவரை அனுப்பிவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

அந்தச் சின்னத் திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறல். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி விழுந்த தடம். முனைகள் இரண்டும் கோணலாகத் தேய்ந்திருந்தன.

"பாயிண்ட் நல்ல பாயிண்ட்தான் மேடம். கம்ப்ளைன்ட் அதுல இல்ல. சாரோட கை ஆடுது. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, நாங்க லேட்டா பாத்தோம். நீங்க சீக்கிரம் காட்டுங்க. நான் சொன்னேன்னு சாருக்குத் தெரிய வேணாம்."

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே காப்பி பாதி டம்ளர் போதும் என்று சொல்லிவந்தார். சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். சாப்பிடும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஏதோ புதுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இவர் டார்ச்சோடு வந்தார். பாய் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். டைமிங் வைக்க வேண்டும், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பொறி விழுகிற நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். சார், உங்க வண்டி, நீங்களே வைங்க என்றார். இவர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. பாய் பிடிவாதமாக நகர்ந்து இடம் விட்டார். வேறு வழியில்லாமல் இவர் கையை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்தார். எஞ்சினே குலுங்கிக்கொண்டிருந்ததில் கை ஆடுவது யாருக்கும் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டு, ஒரு மயிரிழை திருப்பினார். எஞ்சின் சட்டென்று சீராக ஓடத் தொடங்கியது. "இங்க," என்றார். பாய் இறுக்கிவிட்டு, டைமிங் பார்க்கிற லைட்டை அடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். அந்த மனுஷனுக்கு நான் இன்னும் என்ன செய்து நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

பாய் போனதும் ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று வண்டியை எடுத்தேன். யாரும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதே ஃப்ளைஓவர் ஏறும்போது, எத்தனை நாளா கை ஆடுது என்று மட்டும் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு மாசமாக என்றார். ஏன் சொல்லவில்லை, என் கோபத்துக்குப் பயந்தா என்று கேட்டேன்.

"உன் கோபத்துக்கு என்னைக்குப் பயந்தேன்? வண்டி நின்னா நீ என்னைத் திட்டுற. கை போகுதுன்னு தெரிஞ்சா, பாவம்னு நினைச்சு திட்டுறதை விட்டுடுவ. அப்புறம் அந்த வீட்ல நான் எப்படி இருக்கிறது?"

வண்டி நிற்காமல் உச்சியைத் தாண்டி இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அறிவு இருக்கிறதா என்றேன். இரண்டு மாதமாக அந்தக் கடைக்கார மனுஷரை என் வாயில் விழவைத்தீர்களே, நன்றாக இருப்பீர்களா என்றேன். திங்கட்கிழமை டாக்டரிடம் வரவில்லையென்றால் காரோடு சேர்த்து உங்களையும் விற்றுவிடுவேன் என்றேன். ஃப்ளைஓவர் முடிந்து சிக்னல் வந்தபோதும் நான் நிறுத்தவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர்கூட எட்டிப் பார்த்தார். இவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.