ஓடின வழியில் நடக்க ஒரு திட்டம்

என் வீட்டுக்காரர் பன்னிரண்டு சிவாலயங்களையும் இருபத்தாறு தடவை சுற்றி வந்தவர். அதில் ஒன்றைக்கூட அவர் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது எனக்குப் போன தை மாதம்தான் தெரிய வந்தது.

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் சிவராத்திரி என்றால் ஓட்டம். முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறைக்குப் பக்கத்தில் திருமலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, காவி வேட்டியும் கையில் ஓலை விசிறியும் இடுப்பில் திருநீற்றுப் பையுமாகக் கிளம்புவார்கள். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு சிவன் கோயில், கடைசியாக நட்டாலம். ஓடுவது சிவனைப் பார்க்க, வாயில் வருவது 'கோவிந்தா, கோபாலா'. ஏன் என்று கேட்டால் ஒரு பழைய கதை சொல்வார்கள். அந்தக் கதையில் முதன்முதலில் ஓடினவர் ஆசைப்பட்டு ஓடவில்லை, கோவிந்தா என்ற பேரைக் கேட்டாலே கோபப்படும் ஒரு சிவபக்தர் பின்னால் துரத்தினார், ஓடினார். இந்த இடத்தை நான் மனதில் குறித்து வைத்திருந்தேன். சண்டைக்கு உதவும் என்று அப்போது தெரியாது.

கல்யாணமான வருஷமே நானும் வருகிறேன் என்று கேட்டேன். "நீ எங்கட்டி ஓடுவ, அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் வயிற்றில் பிள்ளை. அதற்கடுத்த வருஷம் கையில் பிள்ளை. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் வருஷா வருஷம் கூட்டாளிகளோடு போய், காலெல்லாம் கொப்புளமாகத் திரும்பி வருவார். வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் கால்களை முக்கி வைத்து எண்ணெய் தேய்ப்பேன். தேய்க்கும்போது திட்டுவேன். திட்டினாலும் எனக்கு அந்தக் கால்கள் மேல் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

போன ஆடியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தக்கலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடை ஸ்டூலில் இருந்தபடியே சரிந்துவிட்டார். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்லா நடக்கலாம், எவ்வளவு வேணும்னாலும் நடக்கலாம். ஓட்டம் மட்டும் இனிமே வேண்டாம்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் என்னவோ பம்பில் அடைப்பு எடுத்த விஷயம் போலத் தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் டாக்டர் சொன்னதில் பிந்தின பாதி அவருக்குள் இறங்கியது என்று நினைக்கிறேன்.

தை பிறந்ததும் மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் பீரோவைத் திறந்து காவி வேட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, நான் வருவதைக் கண்டதும் மடித்து வைத்தார். சிவராத்திரி அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னால் இருக்கிற ரோடு வழியாகத்தான் ஓட்டக்காரர்கள் போவார்கள். காலையிலிருந்து அந்தச் சத்தம் ஓயாது. அதைக் கேட்டுக்கொண்டு இந்த மனிதர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறார் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. நெஞ்சு வலிக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"நாம நடந்து போவோம்" என்றேன். "சிவராத்திரிக்கு ரெண்டு வாரம் முந்தி. கூட்டம் வருதுக்கு முன்னால. நாலு நாள், அஞ்சு நாள் ஆனாலும் ஆவட்டு. எனக்கு இது முதல் தடவை, எனக்கு மெதுவாத்தான் போவணும்."

"நடந்து போறதுக்குப் பேரு ஓட்டமா? களியாக்குதியா?" நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அந்தக் காலத்துல ஓடினவரத் துரத்துனாங்க, ஓடினாரு. உங்களயும் என்னையும் யாரு துரத்துகா?"

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "எந்த எடத்துல தங்குவ?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன்.

நான் வேளாண்மை அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். அதிகாரிகளுக்கு டூர் புரோகிராம் அடித்து அடித்தே ரிட்டயர் ஆனேன். எனக்கென்று ஒன்று அடித்ததில்லை. இப்போது மகள் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைத் திறந்து, நாள், புறப்படும் இடம், சேரும் இடம், தங்குமிடம் என்று கட்டம் போட்டேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழி தெரிந்தவர் அவர்தானே.

"திருநந்திக்கரையில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அங்கன எத்தும்போ மணி பத்தரை ஆயிரும்."

"மணியக் கேக்கல. என்ன இருக்கு?"

"எடது பக்கம் சுக்குகாப்பி குடுப்பாவ."

"கோயில்ல?"

கொஞ்சம் யோசித்தார். "நல்ல கூட்டம் இருக்கும்."

இப்படியே பன்னிரண்டு ஊருக்கும். திற்பரப்பு என்றால் முட்டி வலி தொடங்கும் இடம். பன்னிப்பாகம் என்றால் கஞ்சி. கல்குளம் என்றால் பாதி தாண்டியாயிற்று என்ற நிம்மதி. திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த பழைய குகைக் கோயில் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது, அப்படியா என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டது இந்த மனிதரைப் பார்த்தா என்று இருந்தது.

இரண்டாம் நாள் கட்டத்தில் 'பொன்மனை, பகல் பன்னிரண்டு' என்று எழுதச் சொன்னார். அந்த நேரம் நடை அடைத்திருக்குமே என்றேன்.

"சிவன் கோயில அடைப்பாவளா?" உண்மையாகவே கேட்டார். சிவராத்திரியைத் தவிர வேறு நாளில் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. எந்நேரமும் திறந்த கோயில்தான் அவருக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிவரை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு இடத்தில் அஞ்சு மணி நேரம் சும்மா உட்காருவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

"வழி பூரா ரப்பர் தோட்டம், நல்ல நெழலு" என்று அடுத்த சமாதானம்.

"மாசியில ரப்பர்ல எல இருக்குமா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டங்களை அவர் இருட்டில்தான் கடந்திருக்கிறார். தையில் உதிரத் தொடங்கினால் மாசியில் பாதி மரம் குச்சியாக நிற்கும். ஆகவே இரண்டு குடை என்று பட்டியலில் சேர்த்தேன். தண்ணீர்க் குப்பி, மட்டிப்பழம், அவருடைய மாத்திரை டப்பா. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் தனியாக ஒரு சின்னப் பர்ஸில் போட்டு என் இடுப்பில் செருகிக்கொள்வது என்று தீர்மானம். அவர் எடுத்து வைத்தது விசிறியும் திருநீற்றுப் பையும்.

ஒத்திகை பார்க்காமல் போகக் கூடாது என்று, திட்டத்தைக் கேட்ட டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கால்வாய்க்கரையில் நடந்தோம். நான் முப்பது வருஷம் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தவள், என் நடை ஒரே சீராக இருக்கும். அவருக்கு நடக்கத் தெரியவில்லை. வேகமாகப் போவார், மூச்சு வாங்க நிற்பார். கொஞ்ச தூரத்திலேயே நான் முன்னால், அவர் பின்னால். எனக்கு மனம் கேட்குமா? இருபது அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பாலம் வந்ததும் வெடித்தார்.

"என்னத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாக்க? நான் செத்துட்டனான்னு பாக்கியா?"

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீ மட்டும் பெய்ட்டு வா. நான் கடையப் பாக்கேன்" என்றார். நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். கோபத்திலா என்றால் பாதி கோபம். அவர் சொன்னது சரி என்பது மீதி. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் வீட்டில் டி.வி. மட்டும் பேசியது. மூன்றாம் நாள் அவருடைய பழைய ஓட்டக் கூட்டாளி வந்தார். இருபத்தாறு வருஷமும் கூட ஓடினவர். விரதம் தொடங்குவதைப் பற்றிப் பேச வந்தவர், மேசையில் கிடந்த புரோகிராமைப் பார்த்துவிட்டார்.

"மயினி, இது யாருக்க கல்யாணத்துக்கு?" என்றார்.

நான் சொன்னேன். சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டு, பழைய கதைகளைத் தொடங்கினார். எனக்கு மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்ததால் கேட்டேன், இருட்டில் ஓடும்போது பின்னால் வருகிறவர் வருகிறாரா என்று எப்படித் தெரியும்?

"திரும்பிப் பாத்தா கால் தட்டி விழுவோம்லா. விளிச்சுக்கிட்டே போவணும். முன்ன போறவன் கோவிந்தான்னு விளிப்பான், பின்ன வாறவன் கோபாலான்னு சொல்லுவான். சத்தத்த வச்சே ஆளு எப்பிடி இருக்கான்னு தெரிஞ்சிரும். ஒரு வருசம் இவன் சத்தம் திடீர்னு கம்மியாச்சு. போய்ப் பாத்தா, கால்ல முள்ளு தச்சு ரோட்டுல உக்காந்திருக்கான்."

என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் லேசாகச் சிரித்தார்.

கூட்டாளி போன பிறகு புரோகிராமின் கடைசியில் ஒரு குறிப்பு அடித்தேன். 'முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூப்பிட வேண்டும். பின்னால் வருகிறவர் பதில் சொல்ல வேண்டும்.' பிரிண்ட் எடுத்து அவர் சாப்பிடும் இடத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார். "பொன்மனையில நட எப்பம் தெறப்பான்னு கேட்டு எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஒத்திகைக்குத் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை வரை போவது என்று முடிவு. இருட்டில் ஓடின வழியைப் பகலில் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார், ஆனால் யாத்திரைக்கு வருகிறேன் என்று முழுமனதாகச் சொல்லவில்லை. "இது கொள்ளாம்னா பாப்போம்" என்றார். காலை பஸ்ஸில் போய் இறங்கி, அருவிச் சத்தத்தை விட்டு விலகி நடக்கத் தொடங்கினோம். புல்லில் பனி இருந்தது. எனக்குச் சத்தமாகக் கூப்பிட வெட்கம். முதல் 'கோவிந்தா' கோழியைக் கூப்பிடுவது போல வந்தது. பின்னாலிருந்து 'கோபாலா' என்று ஒரு தேர்ந்த குரல் வந்தது. வருஷா வருஷம் ரோட்டோரத்தில் நின்று நான் கேட்ட குரல் அது, இப்போது எனக்குப் பதிலாக வருகிறது.

அப்படியே போனோம். நான் திரும்பவே இல்லை. கூப்பிடுவேன், பதில் வரும். சில தடவை கிட்டத்தில், சில தடவை தூரத்தில், ஒரு தடவை வாயில் பழத்தோடு. ரப்பர் பால் எடுக்க வந்த ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள், அதுவும் பழகிவிட்டது. ரப்பர் மரங்கள் நான் சொன்னபடியே குச்சியாக நின்றன, நுனியில் மட்டும் செம்புநிறத்தில் தளிர். வெயில் ஏறியது, குடையை விரித்தேன். ஒரு வளைவு தாண்டியதும் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். சருகுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. திரும்பக் கூடாது என்று நானே அடித்த குறிப்பு. இரண்டு அடி வைத்தேன். பிறகு குடையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். ஓட்டம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வளைவில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையை ரப்பர் மரத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி எங்கோ பார்த்துக்கொண்டு.

"விளிச்சது கேக்கலியா?" மூச்சு வாங்கக் கேட்டேன்.

"கேட்டுச்சு."

"பின்ன என்ன எழவுக்கு வாயத் தொறந்து மிண்டாம நிக்கிய?"

அவர் கையை நீட்டினார். இலையில்லாத கிளைகளுக்கு அப்பால் மலை முழுசாகத் தெரிந்தது. அடிவாரம் முதல் உச்சி வரை நீலமாக, இடுப்பில் ஒரு துண்டு மேகத்தோடு.

"ஏட்டி, இது இங்கனதான் கெடந்துச்சா இத்தன நாளும்?"

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. மலையைப் பார்த்தா, இருபத்தாறு வருஷத்தை நினைத்தா, எனக்குத் தெரியாது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் கையைப் பிடித்து, இறுக்கி வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளே அந்த மாத்திரை. எப்போது பர்ஸைத் திறந்தேன், எப்போது எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

"தூரப் போடு அத" என்றார். பிறகு, "புரோகிராம்ல இந்த எடத்துக்கு ஒரு மணிக்கூர் கூட்டி அடி" என்றார்.

கீழே கிடந்த குடையை எடுக்க நான் முன்னால் நடந்தேன். இன்னும் கூப்பிடவில்லை, மூச்சு சரியாகட்டும் என்று இருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து 'கோபாலா' என்று கேட்டது.