பெட்ரோல் டேங்கில் இருபத்தொன்று

நான் பைக் வாங்கியபோது ஷோரூம்காரர் இருபத்தைந்து குதிரைத்திறன் என்றார். பெட்ரோல் டேங்கிலும் பெரிதாக 25 என்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுத்தார்கள். ஒரு வருடம் ஓட்டியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைனோ இருந்தது. பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓட்டினால், சக்கரத்துக்கு வந்துசேரும் சக்தி எவ்வளவு என்று காட்டும் கருவி. ஒருமுறை பார்த்து நம்பாமல் மூன்று முறை ஓட்டச் சொன்னேன். மூன்று முறையும் இருபத்தொன்றுதான்.

அந்தத் தாளோடு நேரே ஷோரூமுக்குப் போனேன். "மேடம், கம்பெனில இன்ஜின்லயே அளந்துடுவாங்க. கியர், செயின் எல்லாம் தாண்டி வர்றப்ப கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்றார் அவர். அது பொய்யில்லை. ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரோட்ல உருள்றது இன்ஜினா சார், சக்கரமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே தாம்பரத்தில் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் 21 என்று வெட்டச் சொன்னேன்.

"அக்கா, எல்லாரும் ஏத்தித்தான் ஒட்டுவாங்க. யாருமே இறக்கி ஒட்ட மாட்டாங்களே."

"நான் ஒட்டுவேன்."

பழைய ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தேன்.

மறுவாரம் சிக்னலில் அதே மாடல் பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதன் டேங்கில் 25. ஓட்டிவந்தவன் என் டேங்கைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, உன் வண்டி என் வண்டியவிட கம்மியா கீது?"

"ரெண்டும் ஒரே வண்டிதான் தம்பி. என்னுது அளந்தது."