எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

வாசல் காவல் என்பது, உள்ளே இருப்பவனும் வெளியே நிற்பவனும் ஒரே ஆளைத் திட்டுகிற வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்கு வெளியே, தப்புச் செய்த பையன்களை வைத்துத் திருத்தும் ஒரு இல்லத்தில் ஒன்பது வருடம் ஒப்பந்தக் காவலாளியாக இருந்தேன். பையன்கள் பெயரை எழுதக்கூடாது என்பது சட்டம். எங்கள் கண்காணிப்பாளர் பெயரை எழுதலாம், எனக்குத்தான் மனசில்லை.

முதல் வாய்

வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், கேட்டிலேயே அதில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். பிறகுதான் பையனுக்கு. விதி போட்டவர் கண்காணிப்பாளர், திட்டு வாங்குவது நான்.

ஆத்தூரில் பூப்பறிக்கும் ஒரு அம்மா வருவார். அவர் மகன் யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு பழனிக்குப் போய், சாமி கும்பிட்டுத் திரும்பும்போது பிடிபட்டவன். முதல் தடவை தூக்குவாளியைத் திறந்து சாப்பிடச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்ணே, பெத்த பிள்ளைக்கு விஷம் வைக்கவா ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன்?"

குழாயடி

இல்லத்தில் நடந்த பாடம் ஒன்றே ஒன்று: பெரியவர்கள் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். ஆத்தூர்ப் பையன் அதில் முதல் மாணவன். ஒருநாள், தண்ணீர் வரும்வரை குழாயடியில் நில் என்றார் கண்காணிப்பாளர். திண்டுக்கல் குழாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் பார்க்கிறேன், குடத்தோடு அப்படியே நிற்கிறான். "ஏலே, போய் உட்காரேன்" என்றேன். "தண்ணி இன்னும் வரலையே தாத்தா" என்றான்.

குடத்தை வாங்கிக் கீழே வைத்தேன். கண்காணிப்பாளருக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா பெரியவரே, திருந்திட்டான். வர்ற திங்கக்கிழமை விசாரணையில வீட்டுக்கு விட்டுருவாங்க."

கட்டம் போட்ட சட்டை

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நாகல் நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் மகன் பிறந்தநாளுக்கு எங்கள் பையன்களுக்குப் பிரியாணி போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட வந்திருந்த தன் மகனுக்கு எடுத்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டையை இருபத்து மூன்று பேருக்கும் கொடுத்தார். வித்தியாசமே தெரியக்கூடாதாம். தெரியவில்லை.

சாப்பிட்டதும் பையன்கள் பாத்திரங்களை வேனுக்குத் தூக்கிப் போனார்கள். "எண்ணி உள்ள விடுங்க, எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்" என்றார் கண்காணிப்பாளர். எண்ணினேன். ஒருவன் மட்டும் "நான் முதலாளி மகன் அங்கிள்" என்று முரண்டு பிடித்தான். "இங்க எல்லாருமே யாரோ ஒருத்தர் மகன்தாம்ப்பா, போ" என்று உள்ளே தள்ளினேன். இருபத்து மூன்று. கேட்டைப் பூட்டினேன். கால் மணி நேரத்தில் முதலாளியிடமிருந்து போன்.

"அண்ணே, வேன்ல உங்க பையன் ஒருத்தன் உக்காந்திருக்கான். எங்க பையன் அங்கன இருக்கானா?"

விளக்கக் கடிதம்

வேனில் கொண்டுவந்து விட்ட ஆத்தூர்ப் பையனைக் கேட்டோம். "ஏலே, நேரமாச்சு ஏறுன்னு சொன்னாக. ஏறினேன்" என்றான். திரும்பிப் பார்க்காமல் அப்படிச் சொன்னதை முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

அவர் போனதும் கண்காணிப்பாளர் என் முன்னால் வெள்ளைத்தாள் வைத்தார். பையன் ஏமாற்றித் தப்பப் பார்த்தான் என்று அவர் சொன்னபடி எழுதினால் என் வேலை நிலைக்கும், அவன் இன்னும் பல மாதம் உள்ளே கிடப்பான். இல்லாவிட்டால் அவன் போவான், நானும் போவேன். ஐந்தாவது வரை படித்தவன் நான். இரண்டே வரி எழுதினேன். 'ஏறச் சொன்னார்கள், ஏறினான். கேட்டைத் திறந்தது நான்.' பாசம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது வருடமாக என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லிக்கொண்டே இருந்த மனுஷன் சொல்லி, நான் ஒரு வரி எழுதுவதா?

திங்கள் சாயங்காலம் ஒரே கேட் வழியாக இரண்டு பேரும் வெளியே வந்தோம். அந்த அம்மா தூக்குவாளியோடு நின்றார். மகனிடம் கொடுக்கவில்லை. திறந்து, தானே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாளியை என்னிடம் நீட்டினார்.

"தின்னு காமிச்சிட்டேன்ணே. இனி நீங்க சாப்பிடுங்க."

ஆக, அந்த இல்லத்தில் சொன்னதைக் கேட்டவனும் வீட்டுக்குப் போனான், கேட்காதவனும் வீட்டுக்குப் போனான், சொன்னவர் மட்டும்தான் இன்னும் உள்ளே இருக்கிறார்.