இடப்பக்கத்துக் கதிரை

மனைவி சுலோஜனாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் புறப்பட்ட பிறகு, நல்லரத்தினம் றெக்கோட் பிளேயரின் மூடியைத் திறந்தார். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. மனைவிக்குப் பிடித்த பழைய படப்பாட்டுத் தட்டைப் போட வேண்டும், கேட்க வேண்டும், அழ வேண்டும். செத்தவீட்டன்று அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. சுடலைக்குப் போய் வந்தும் வரவில்லை. மனுசன் கல்லுமாதிரி இருக்கிறாரே என்று ஊர் பேசியது அவர் வரைக்கும் வந்தது. அதற்காக அவருக்குக் கோபமும் வரவில்லை. எதுவுமே வரவில்லை என்பதுதான் அவருடைய கவலை.

தட்டுச் சுழன்றது, பாட்டு வந்தது. ஆனால் பாடகியின் குரல் நடுவில் நிற்கவில்லை. வலது பக்கமாகச் சரிந்து, சுவர் மூலையில் ஒதுங்கி நின்று பாடியது. இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி அழுவது? இடது ஸ்பீக்கர்தான் பழுது என்று அவர் முடிவு கட்டினார். அதைச் சரிசெய்துவிட்டால் பாட்டு நேரே வந்து நெஞ்சில் விழும், மற்றதெல்லாம் தன்பாட்டில் வரும். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். வீட்டில் எது பிசகினாலும் முதலில் வயரைத்தான் சந்தேகிப்பார்கள்.

நல்லரத்தினம் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளில் அவர் அளவுச் சங்கிலி பிடித்து நடக்காத வரம்பு குறைவு. ஓய்வு பெற்றுக் கல்லடி வீட்டில் உட்கார்ந்ததும் மனுசனுக்கு அளக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து மச்சான் ஒரு யப்பான் அம்ப்ளிபயர் அனுப்பினான். அதற்கு ஒரு றெக்கோட் பிளேயர் தேடி, பிளேயருக்குத் தட்டுத் தேடி, கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து முதுகு பிடித்து, பத்து வருடத்தில் முந்நூறு தட்டுச் சேர்ந்துவிட்டது.

தட்டைக் கழுவுவது ஒரு தனி வேலை. கல்லடிக் கிணற்றுத் தண்ணீர் சவர். அதில் கழுவினால் காய்ந்ததும் கோடுகளுக்குள் உப்புப் பூத்து ஊசி கரகரக்கும். ஆகவே மாரி பிறந்ததும் கூரைப் பீலிக்குக் கீழே பரல் வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பார். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, மூன்றாவது மழையைத்தான் எடுப்பார். கழுவிய தட்டுகளைச் சுலோஜனாவின் பழைய மெல்லிய பருத்திச் சாறித் துண்டால் ஒற்றி விறாந்தை முழுக்க நிறுத்தி வைப்பார்.

“உடுப்புக் காயப்போட ஒரு முழம் இடமில்ல, உங்கட தட்டுக்கு மட்டும் விறாந்தை முழுக்க வேணுமாக்கும்!” என்று அவள் ஏசுவாள். ஏசிக்கொண்டே தன் ஈர உடுப்புகளைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கொடி கட்டுவாள்.

முன்னறையில் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டுக்கும் இடையில் ஏழடி எட்டங்குலம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நல்லரத்தினத்தின் கதிரைக்கும் அதே ஏழடி எட்டங்குலம். கதிரைக் கால்கள் நிற்கவேண்டிய இடத்தில் நிலத்தில் நாலு பெயின்ற் புள்ளிகள்கூட இருந்தன. சுலோஜனாவின் கதிரைக்கு அளவு கிடையாது. அது அவருக்கு இடப்பக்கத்தில், இடது பெட்டிக்கு நேர் முன்னால் கிடந்தது. மாலை ஆறு மணிக்குச் சாமி விளக்கேற்றிவிட்டு வந்து அதில் உட்காருவாள். ஒரு தட்டின் இரண்டு பக்கமும் ஓடி முடியுமட்டும் இருப்பாள்.

தொடக்கத்தில் அவள் சும்மா இருந்தவளல்ல. பாட்டு நடுவில் தேங்காய் விலை சொல்லுவாள், அடுத்த வீட்டுப் பூசணிக்கொடி வேலி தாண்டி வந்ததைச் சொல்லுவாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். வருடங்கள் போகப் போக அந்தப் பேச்சுக் குறைந்தது, பிறகு நின்றே போனது. நல்லரத்தினத்துக்கு உள்ளூரப் பெருமை. காத்தான்குடியில் றேடியோ, அம்ப்ளிபயர் திருத்தும் மின்ஹாஜிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“முப்பது வருசத்துக்குப் பிறகு என்ட மனுசி பாட்டுக் கேக்கப் பழகிற்றா மின்ஹாஜ். இப்ப வாயே திறக்கிறல்ல.”

போன தையில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இருதயம் பலவீனம் என்றார்கள். போர்வையை விலக்கிக் கணுக்காலை அழுத்திப் பார்த்த டொக்டர், இந்த வீக்கம் எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“அப்பிடி ஒண்டும் இவ சொல்லல்ல டொக்டர்,” என்றார் நல்லரத்தினம், நிச்சயமாக.

சுலோஜனா தலையணையில் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். “சொன்னன்தானே,” என்றாள். “ஒவ்வொரு நாளும் சொன்னன்தானே.”

மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று அவர் எண்ணினார். அதற்கு இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு, அம்ப்ளிபயரைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்து, ஓட்டோவில் மூன்று தரம் காத்தான்குடிக்குப் போய்வந்தார். மூன்று தரமும் மின்ஹாஜ் அதைத் திறந்து, ஊதி, சோதித்து, “சாமான் சுத்தம் சேர். ஒரு குத்தமும் இல்ல,” என்று திருப்பிக் கொடுத்தான். ஊசி மாற்றியாயிற்று. வயர் மாற்றியாயிற்று. இடது ஸ்பீக்கரை முன்பே இரண்டு முறை மாற்றியிருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறோம், உப்புக் காற்றுத் தின்கிறது என்பது அவருடைய கணிப்பு. குரல் மட்டும் வலது மூலையை விட்டு வர மறுத்தது. மாதங்கள் ஓடின. சோறு சாப்பிட்டார், தூங்கினார், பேப்பர் படித்தார். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ செய்து கொடுப்பதுபோலச் செய்தார். சாமி விளக்கையும் மறக்காமல் ஏற்றினார். சுலோஜனாவின் கதிரைக் கைப்பிடியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது, உள்ளே பஞ்சு. விளக்குத்திரிக்கு வைத்திருப்பாள் என்று அதை எடுக்காமல் விட்டிருந்தார்.

எட்டாம் மாதம் மின்ஹாஜ் தானே வீட்டுக்கு வந்தான். “உங்கட வீட்டுலதான் என்னமோ இரிக்கி சேர். நான் ஒருக்கா இருந்து கேக்கிறன்,” என்று பெயின்ற் புள்ளிக் கதிரையில் உட்கார்ந்தான். நல்லரத்தினம் ஊசியை வைத்தார். பாட்டுத் தொடங்கியதும் மின்ஹாஜ் முகத்தைச் சுளித்து, ஒரு கையால் இடது காதைப் பொத்திக்கொண்டான்.

“என்ன சேர் இது! வலது பெட்டி மௌத்தாக் கிடக்கு,” என்றவன், சாவு விழுந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்தான். “இடது பெட்டி காதைப் பிளக்குது.”

எழுந்து போய் அம்ப்ளிபயரைப் பார்த்தான். சத்தத்தை இடமும் வலமும் பகிர்ந்துவிடும் பலன்ஸ் குமிழ் ஒரேயடியாக இடது பக்கம் திருகிக் கிடந்தது. கடையில் குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்தே சோதிப்பவன், இதைக் கவனித்திருக்கவில்லை. அதன் கீழே வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி. அளவைக்காரரின் பழக்கம் போகுமா? இடது பெட்டி பலவீனப்படுகிறது என்று தோன்றியபோதெல்லாம் குமிழை ஒரு மயிரிழை திருகி, திருகிய நாளைக் குறித்து வைத்திருந்தார்.

மின்ஹாஜ் அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தான். பிறகு குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

“சேர், ஒரு வேலை செய்யுங்க. கதிரையைக் கிறுக்கிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி இருங்க.”

நல்லரத்தினம் அப்படியே இருந்தார். இப்போது இடது பெட்டி அவருடைய வலது காதுப் பக்கம் வந்தது. செத்துப்போனது என்று எட்டு மாதம் அவர் நம்பிய பெட்டி, கம்பி கம்பியாக, தெளிவாகப் பாடியது. வலது பெட்டி இருந்த பக்கம் இப்போது வெறுமையாகக் கிடந்தது. பழுது பெட்டியோடு போகவில்லை, வயரோடு போகவில்லை, கதிரையோடு சேர்ந்து திரும்பியிருந்தது. மின்ஹாஜ் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

காது சோதிக்கும் இடத்தில் தனுஷா என்ற பிள்ளை அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் நல்லரத்தினம் கண்ணாடியைத் தட்டினார்.

“மகள், இந்த ஹெட்போன்ட இடது பக்கம் வேலை செய்யுதில்ல.”

அவள் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “வேலை செய்யுது ஐயா,” என்றாள் மெல்ல, அவருடைய வலப்பக்கமாக வந்து நின்று.

வரைபடத்தை அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். வலது காதின் கோடு வயதுக்கு ஏற்றபடி மேட்டில் ஓடியது. இடது காதின் கோடு பள்ளத்தில் கிடந்தது.

“எட்டு மாசமா இப்பிடி,” என்றார் அவர்.

“இல்ல ஐயா. இது ஏழெட்டு வருசமா மெல்ல மெல்ல இறங்கின மாதிரித்தான் இரிக்கி. வீட்டு ஆக்கள் ஒருத்தரும் சொல்லல்லியா?”

வீட்டுக்கு வந்து பிளாஸ்டர் துண்டைப் பார்த்தார். முதல் கோடு இரண்டாயிரத்துப் பதினேழு, ஆவணி. தன் காது செத்த கதையைத் தானே திகதி போட்டு எழுதி, அதை ஸ்பீக்கரின் கணக்கில் வைத்திருக்கிறார். சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பும் வரவில்லை. கண்டியில் ஆசிரியையாக இருக்கும் மகள் கஜானிக்கு அழைப்பு எடுத்தார். சங்கதியைச் சொன்னார். அவள் கவலைப்பட்டு, காதுக்கருவி வாங்கலாம் என்று தொடங்கினாள். அவர் இடைமறித்தார்.

“பெட்டி அவ்வளவு சத்தமாக் கிடந்திரிக்கி. அதுக்கு முன்னாலதானே அம்மா இருந்தவ. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. வாய் திறக்காம இருந்து கேட்டவ.”

“அப்பா,” என்றாள் கஜானி. “அம்மா எங்க வாய் திறக்காம இருந்தவ? கதைச்சுக்கொண்டேதானே இருப்பா. நான் லீவுல வந்து நிக்கக்குள்ள எத்தனை தரம் கண்டிருக்கன். விளக்கேத்தி வந்து, காதுக்குள்ள பஞ்சை அடைச்சுக்கொண்டு உங்களுக்குப் பக்கத்துல இருந்து, அண்டைக்கு நடந்தது எல்லாத்தையும் ஒண்டுவிடாமச் சொல்லுவா.”

“எனக்கா?”

“வேற ஆருக்கு? நீங்களும் தலையை ஆட்டி ஆட்டிக் கேப்பீங்கதானே. ‘முந்தியெண்டா விரலைத் தூக்குவார், இப்ப நான் சொல்லுறதெல்லாம் கேக்கிறார் உங்கட அப்பா’ எண்டு என்னட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டவ.”

அவர் தலையாட்டியது தாளத்துக்கு. அவள் பாட்டுக் கேட்கிறாள் என்று அவர் பெருமைப்பட்டார். அவர் தன்னைக் கேட்கிறார் என்று அவள் பெருமைப்பட்டாள். ஏழு வருடம், நாளொன்றுக்கு இரண்டு பக்கம்.

“என்ன சொல்லுவா?” என்று கேட்டார்.

“என்னத்தைச் சொல்லுற, எல்லாந்தான். சந்தை, சீட்டு, ஆர்ட வீட்டுல கலியாணம்... கடைசியா நான் வந்து நிக்கக்குள்ள கால் வீங்குதெண்டு சொல்லிக்கொண்டிருந்தா. ‘டொக்டரிட்டக் காட்டுங்க’ எண்டு நான் சொன்னன். ‘அப்பாட்டச் சொல்லிற்றன், தலையாட்டினவர், கூட்டிக்கொண்டு போவார்’ எண்டா.” கஜானி சட்டென்று நிறுத்தினாள். “அப்பா? லைன்ல இரிக்கிறீங்களா?”

“இரிக்கிறன்,” என்றார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, குமிழைத் தன் கடைசிப் பென்சில் கோட்டுக்குத் திருகினார். அவளுக்குப் பிடித்த தட்டைப் போட்டார். போய் இடப்பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, நல்ல காதைப் பெட்டிக்கு நேராகத் திருப்பினார். ஒரு பாட்டு முழுதாக முடியவில்லை. காதுக்குள் நோவெடுத்தது. எழுந்து ஊசியைத் தூக்கினார். கைப்பிடியில் இருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்து பார்த்தார். விளக்குத்திரி என்றால் நீளமாகத் திரித்திருக்கும். உள்ளே இருந்தவை சின்னச் சின்ன உருண்டைகள். எட்டு மாதமாக அது கண் முன்னால்தான் இருந்தது.

அம்ப்ளிபயரை நிறுத்தினார். சுலோஜனாவின் கதிரையைத் தூக்கித் தன் கதிரைக்கு வலப்பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அளவுநாடா எடுக்கவில்லை. தன் கதிரையில் அமர்ந்து அவள் கதிரைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அழுகை இப்போதும் வரவில்லை. றோட்டில் பஸ் ஒன்று பாலத்தை நோக்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

“இப்பச் சொல்லு,” என்றார். “கால் எப்ப இருந்து வீங்கினது?”