முதல் மடக்கும் கோவை மரியாதையும்

முதன்முதலாகக் குடிப்பவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று என் பெரியப்பா சொல்வார். ஏன் என்றும் ஏதோ சொன்னார், அது மறந்துவிட்டது. எனக்கு அந்த முகத்தைப் பார்ப்பதுதான் வேலை. ஜெர்மனியில் பல வருடம் பீர் ஆலையில் இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர் திரும்பி, கோவையில் ஒரு ஹோட்டல் பாருக்கு மேனேஜராக இருக்கிறேன். எனக்குப் பிடித்த கசப்பு பீரை அங்கே வரவழைத்தது என் யோசனை. கூட்டம் சேராவிட்டால் பாரை விருந்து ஹாலாக மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். விருந்து ஹாலுக்கு பீர் தெரிந்த மேனேஜர் எதற்கு? சமைத்துப் பரிமாறிவிட்டு, சாப்பிடுபவர் வாயையே பார்த்து நிற்கும் எல்லோருக்கும் என் பாடு புரியும்.

நல்லாருக்குதுங்க

பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர், பீர் எப்படித்தான் இருக்கும் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். நானே ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குதான். வேப்பங்கொழுந்தை மென்றதுபோல முகம் ஒரு பக்கம் இழுத்தது. எப்படி இருக்கிறது என்றேன். நல்லாருக்குதுங்க என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். இன்னும் அழுத்திச் சொன்னார். எனக்கு நிம்மதி.

வெளிநாட்டில் இருந்ததில் ஒன்றை மறந்துபோயிருந்தேன். எங்கள் பக்கம் விருந்துக்குப் போனால் உப்பில்லாத குழம்பைக்கூடக் குறை சொல்லமாட்டார்கள். பரிமாறியவர் முகம் வாடக் கூடாது. வியாபாரி கிளம்பும்போது பார்த்தால் கிளாஸ் அப்படியே இருந்தது. அதை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார்: "அருமையா இருக்குதுங்க. மிச்சத்த நீங்க சாப்புடுங்க."

தூக்கிக் குடித்தவர்

வெள்ளகோவிலிலிருந்து ஒரு பெரியவரை அவர் மருமகன் கூட்டிவந்தார். பெரியவர் ஜென்மத்தில் டம்ளரில் உதடு படக் குடித்ததில்லை. தண்ணீரோ மோரோ காபியோ, அண்ணாந்து தூக்கி ஊற்றிக்கொள்வதுதான் பழக்கம். பீர் கிளாஸையும் அப்படியே தூக்கினார். நான் கை நீட்டுவதற்குள் ஊற்றியும்விட்டார். உயரத்திலிருந்து விழுந்த பீர் வாய்க்குள் நுரைத்து, மூக்கு வழியாக வந்து, வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மருமகன் சிரிக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க, மோராட்டம் கீழ எறங்குமுன்னு பாத்தேன், இது பாலாட்டம் பொங்குதுங்களே."

முதலாளியின் முறை

முதலாளி பஞ்சாலைக் குடும்பத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். பார் நடத்தினாரே தவிர, ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒரு மத்தியானம் காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பாரை ஹாலாக மாற்ற ஆள் வரச் சொல்லியிருப்பதாகவும், அதற்கு முன்னால் தானே ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்துவிடுவதாகவும் சொன்னார். ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு மடக்கு. பொள்ளாச்சிக்காரரின் அதே முகம். எப்படி என்று நான் கேட்கவில்லை; கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். அவர்தான் கேட்டார், உங்களுக்கு முதல் தடவையே பிடித்ததா என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. முதல் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டேன், ஜெர்மனியில் என்னோடு வேலை பார்த்தவர் விடாமல் கூட்டிப்போனதால் நாலைந்து தடவைக்குப் பிறகுதான் பிடித்தது என்றேன். அந்த முதல் கிளாஸுக்கு யார் காசு கொடுத்தது என்றார். அந்தக் கூட வேலை பார்த்தவர்தான் என்றேன்.

முதலாளி கிளாஸைத் தள்ளிவைத்தார். ஹால்காரரைத் தீபாவளி கழித்து வரச் சொல்கிறேன் என்று எழுந்தார். கதவுக்குப் போனவர் திரும்பி நின்றார்: "புடிக்காதுன்னு தெரிஞ்சே மொதக் கிளாசுக்கு ஏனுங்க பில்லு போடறீங்க?"

மறுநாளிலிருந்து, முதல் தடவை குடிக்க வருகிறவரின் முதல் கிளாஸுக்கு நான் பில் போடுவதில்லை.