முதலாளியை இறக்கிவிட்டுப் பறந்த பிளேன்

1. தராசு வேலை

விமானக் கம்பனியில் வேலை என்றதும் அரியாலையில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருந்த சனம் முழுக்க என்னைப் பொறாமையோடு பார்த்தது. முதல் நாள் எனக்குத் தந்த வேலை, பயணிகளைத் தராசில் ஏற்றி நிறுப்பது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. வடக்கே பலாலிக்கும் கொழும்புக்கும் இடையில் தனியார் சேவையாக ஒரு சின்னப் பிளேன் ஓடப்போகிறது. பாதி முதல் கொழும்புப் பங்காளியுடையது. மற்றப் பாதியைப் போட்டவர் சுன்னாகத்தில் வெங்காய லொறிகள் ஓட்டிய சின்னராசா முதலாளி. லொறிகளில் சிலவற்றை விற்றே போட்டார். சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அதுவரை பிளேனில் ஏறியதே இல்லை.

சின்னப் பிளேனில் ஆட்களின் நிறை, சாமான்களின் நிறை எல்லாம் கூட்டி 'லோட்' பார்த்த பிறகுதான் கப்டன் இயந்திரத்தை இயக்குவார். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தராசு வந்து சேரவில்லை. முதலாளி தன்னுடைய வெங்காயத் தராசையே லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

2. முதல் பயணம்

அன்று காலை கொழும்பிலிருந்து வந்த பிளேனில் பங்காளியும் வந்திறங்கினார். தெற்கில் உல்லாசப் பயணிகளுக்கு அந்தப் பிளேனை ஓட்ட அவருக்கு நல்ல கிராக்கி இருந்தது. திரும்பிப் போகும் பயணம் ஒழுங்காக, நேரத்துக்குப் புறப்படாவிட்டால் பிளேன் தெற்குக்குத்தான் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ரிக்கற் எல்லாம் விற்றிருந்தன. நிறுப்பதுதான் பெரும்பாடு. கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி ஐயா ஒருவர் சப்பாத்தைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், கடைசியில் மூச்சையும் அடக்கிக்கொண்டு தராசில் நின்றார்.

"மூச்சை விடுங்கோ ஐயா, அதுக்கு நிறை இல்லை" என்றேன்.

அடுத்து குருநகர் பிலோமினாக்கா. கொழும்பில் மகளுக்குப் பிள்ளைப்பேறு. கையில் கருவாட்டுப் பொதி.

"பிள்ளை, என்ரை நிறையைச் சத்தமாச் சொல்லிப்போடாதை. உவர் கேட்டுக்கொண்டு நிக்கிறார்" என்று பிறக்கிராசியைக் கண்ணால் காட்டினார். நான் முந்தானையால் தராசை மறைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

எல்லாம் கூட்டினால் லோட் அளவுக்குள் நின்றது. நிம்மதியோடு நிமிர்ந்தால், பட்டு வேட்டியும் திருநீறுமாக முதலாளி பிளேனில் கப்டனுக்குப் பக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்! கம்பிவேலிக்கு வெளியே லொறியில் வந்திறங்கிய அவருடைய சொந்தக்காரர் மேளக்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். முதலாளி யன்னலால் கை காட்டிக்கொண்டிருந்தார். அவரை நிறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆளைப் பார்த்தாலே இரண்டு மூட்டை வெங்காயம் வரும்.

விஷயத்தைச் சொன்னதும் கப்டன் ஏலாது என்று தலையை ஆட்டிவிட்டார். சாமானை இறக்கிப் பார்த்தோம். மாம்பழப் பெட்டி, பனங்கட்டிக் குட்டான், ஒடியல் பை எல்லாம் ஓடுபாதை ஓரத்தில் குவிந்தன. அப்போதும் நிறை கூடத்தான். பங்காளி கடிகாரத்தைப் பார்த்தார். கப்டன் என்னைப் பார்த்தார். ஏறிப் போய்ச் சொன்னேன்.

"முதலாளி, நீங்கள் இறங்கவேணும்."

"ஆர், நானோ? பிள்ளை, இந்தப் பிளேனிலை பாதி என்ரை காசு, தெரியுமே?"

"ஓம் முதலாளி. காசு பாதி உங்கடை. நிறையும் பாதி உங்கடை."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. வேலை போயிற்று என்று நினைத்தேன். பிலோமினாக்கா எழும்பினார்.

"முதலாளி இருக்கட்டும். நான் பஸ்சிலை போறன்."

"இருங்கோ அக்கா!" என்றார் முதலாளி. "ரிக்கற் வாங்கின ஆளை இறக்கிப்போட்டு நான் ஏறினால், நாளைக்கு எந்த மடையன் இதிலை ஏறுவான்?" பிறகு என்னைப் பார்த்தார். "நிறையும் பாதியோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பிளேனே ஆடியது. பிறக்கிராசி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கப்டனுக்குத் தமிழ் அரைகுறை, அவரும் சிரித்தார்.

முதலாளி இறங்கியதும் வந்த இடைவெளியில் மாம்பழம், பனங்கட்டி, ஒடியல் அத்தனையும் திரும்ப ஏறின. "இன்னொரு பொதி ஏறுமோ பிள்ளை?" என்று கேட்டார் பிலோமினாக்கா.

பிளேன் நேரத்துக்கே எழும்பியது. மேளம் முழங்கியது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரமாக ஓடினார். "போகுது! எங்கடை பிளேன் போகுது!" அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றும் தெரியாது.

3. பிறகு

பிளேன் தெற்குக்குப் போகாமல் வடக்குக்கே ஓடியது. "தன்ரை பிளேனிலை இருந்து சிரிச்சுக்கொண்டு இறங்கிற மனிசனை நம்பிக் காசு போடலாம்" என்று பங்காளி சொன்னதாகக் கப்டன் பிறகு சொன்னார். அந்த ஆடி மாதம் கலவரத்தில் நாடு எரிந்தபோது சேவை நின்றுபோனது வேறு கதை. அதுவரைக்கும் பறந்தோம்.

பிற்காலத்தில் பெரிய நாடுகளின் பெரிய விமான நிலையங்களிலும் வேலை பார்த்தேன். கோடி கோடியாக முதல் போட்டவர்களைக் கண்டேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அதைக் கேட்டு இருக்கையை விட்டு எழும்புகிறவரிடம் நிலைத்து வேலை செய்யுங்கள்.

அன்று பிளேன் புள்ளியாகி மறைந்ததும், முதலாளி மூச்சு வாங்க என்னிடம் வந்து மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, மற்றப் பயணத்துக்கு எனக்கொரு ரிக்கற் எழுது. ரிக்கற் வாங்கின ஆளை இறக்க ஏலாதெல்லே?"